மான்கள் வரும் வெப்பப் பகுதித் தோட்டத்துக்கு எந்தச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது?

உறைபனி விழாத வெப்பமான பகுதியில் தோட்டம் வைத்திருப்பதாகவும், இரவில் வரும் மான்கள் செம்பருத்தியையும் ரோஜாவையும் மொட்டையடித்துவிட்டுப் போவதாகவும் எழுதி, மான் வாய் வைக்காத செடிகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செடிகளின் பெயர்களைக் கீழே தருகிறேன். ஆனால் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு நாற்றுப்பண்ணைக்குப் போய்விட வேண்டாம். ஒரு செடியை மான் ஏன் விட்டுவிடுகிறது என்ற காரணம் தெரிந்தால், பட்டியலில் இல்லாத செடியையும் நீங்களே எடைபோட முடியும். காரணம் தெரியாவிட்டால், பட்டியலில் உள்ள செடியே ஏதோ ஒரு வறண்ட மாதத்தில் உங்களைக் கைவிட்டுவிடும்.

பரவலாகக் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்ப் பகுதித் தோட்டங்களை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள பட்டியல் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. அது செடிகளை, அரிதாகவே சேதமடைபவை என்பதில் தொடங்கி அடிக்கடி கடுமையாகச் சேதமடைபவை என்பது வரை 4 தரங்களாகப் பிரிக்கிறது. மான் ஒருபோதும் தொடாதவை என்றொரு தரம் அதில் இல்லை. அப்படி ஒரு செடி இல்லை என்பதால்தான் இல்லை. இத்தகைய பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கும் டாஃபடில், பூப்பதற்குக் குளிர்காலத்தை எதிர்பார்க்கும் கிழங்குச் செடி. லாவெண்டரோ ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் வேரழுகிப் போகும். இவற்றை வாங்கி வைத்தால், மான் தின்னாமலே செடி போய்விடும்.

ஆனாலும் அந்தப் பட்டியல்கள் நமக்குப் பயன்படாதவை அல்ல. டாஃபடிலை மான் ஒதுக்குவதற்குக் காரணம் அதிலுள்ள லைகோரின் போன்ற ஆல்கலாய்டுகள் என்னும் கசப்பான நச்சுப்பொருள்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த விஷமூங்கில், சிலந்தி லில்லி, அமரில்லிஸ் ஆகியவற்றிலும் அந்த வகைப் பொருள்கள் உண்டு. இவை மூன்றும் வெப்பப் பகுதியில் செழித்து வளர்பவை. லாவெண்டரைக் காப்பது அதன் இலையிலுள்ள நறுமண எண்ணெய். அதே குடும்பத்தில்தான் துளசியும், திருநீற்றுப்பச்சையும், கற்பூரவல்லியும், ரோஸ்மேரியும் இருக்கின்றன. செடியின் பெயரை விட்டுவிட்டு அதன் குடும்பத்தையும் தற்காப்பு முறையையும் பின்தொடர்ந்தால், குளிர்ப் பகுதிப் பட்டியலிலிருந்தே வெப்பப் பகுதிக்கான பட்டியலை உருவாக்கிக்கொள்ளலாம்.

செடிகளுக்குள் போவதற்கு முன், தின்பது மான்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களை மேலுள்ள தடித்த ஈறில் அழுத்திப் பிடித்து, தலையை வெடுக்கென்று இழுத்துத்தான் அது தழையைப் பறிக்கிறது. அதனால் மான் கடித்த செம்பருத்திக் கிளையை அருகில் பார்த்தால், நுனி வெட்டுப்பட்டது போல இருக்காது. நார் பிரிந்து, பட்டையின் மெல்லிய இழை ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போலிருக்கும். அதுவும் தரையை ஒட்டிய உயரத்திலேயே இருக்கும். ஆடும் மானைப் போலவே பிய்த்துத் தின்பதால், கடித்த தடத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஈர மண்ணில் பதிந்த பிளவுபட்ட குளம்புத் தடம், புழுக்கைகள், வந்துபோன நேரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்த மான் என்பதும் முக்கியம். இதைப் பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதில்லை. புள்ளிமான் பெரும்பாலும் புல் மேய்வது. புல் காயும் காலத்தில்தான் தழை, உதிர்ந்த பூ, பழம் ஆகியவற்றின் பக்கம் அதிகமாகத் திரும்பும். கடமான் புல்லோடு தழையையும் விரும்பித் தின்னும். உடலும் பெரியது, தேவைப்பட்டால் பின்னங்கால்களில் எழுந்து நின்றும் கிளையை எட்டும். கேளையாடு சிறியது, கொழுந்தையும் விழுந்த கனியையும் பொறுக்கித் தின்னும். அமெரிக்க வெள்ளைவால் மானோ முரட்டுப் புல்லைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு, சத்துள்ள தழையையும் கொழுந்தையும் தேடித் தேடித் தின்பது. அதனால்தான் அமெரிக்கப் பட்டியல்களில் அலங்காரப் புற்கள் நிறையவே இடம்பெறுகின்றன. புள்ளிமான் வரும் இடத்தில் அதே புற்களை நட்டால் அது மானுக்கு இட்ட தீவனமாகிவிடும்.

இனி தற்காப்பு முறைகளைப் பார்க்கலாம். வெப்பப் பகுதித் தோட்டத்துக்கு நான் முதலிடம் தருவது இலையில் மணமுள்ள செடிகளுக்கு. மான் உணவைத் தெரிவதில் மூக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அதோடு, அசைபோடும் விலங்காகிய அதன் இரைப்பையில் தழையைச் செரிப்பவை நுண்ணுயிரிகள். நறுமண எண்ணெய்கள் மிகுதியாக உள்ளே போனால் அந்த நுண்ணுயிரிகள் பாதிக்கப்படும். எனவே காரசாரமான மணத்தை மான் ஒதுக்குவது வெறும் சுவைப் பிரச்சினை அல்ல. துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி, மரிக்கொழுந்து, நொச்சி, எலுமிச்சைப்புல், சால்வியா வகைகள் ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ரோஸ்மேரியையும் வைக்கலாம், ஆனால் நீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் அதற்குக் கட்டாயம் வேண்டும். நொச்சியை நான் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். வெட்ட வெட்டத் தழைக்கும், வறட்சியைத் தாங்கும், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வேலியாகவும் நிற்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணம் இலையில் இருக்க வேண்டும். பூவிலோ வேரிலோ இருந்து பயனில்லை. மல்லிகையின் மணம் பூவோடு முடிந்துவிடுகிறது. அதன் தழைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெட்டிவேரின் மணம் வேரில் இருப்பது. அதன் இளம் புல்லைக் கால்நடைகளே மேயும். கடையில் செடியைப் பார்க்கும்போது ஒரு முற்றிய இலையைக் கிள்ளி, விரல்களுக்கிடையே நசுக்கி முகர்ந்து பாருங்கள். கையைக் கழுவிய பிறகும் விரலில் தங்குகிற மணமாக இருந்தால் அந்தச் செடிக்கு நம்பிக்கையோடு இடம் தரலாம்.

அடுத்தவை நச்சுள்ள செடிகள். அரளி, மஞ்சள் அரளி, எருக்கு ஆகிய மூன்றும் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்களைக் கொண்டவை. நித்தியகல்யாணி ஆல்கலாய்டுகள் நிறைந்தது. புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டன. வெயிலையும் வறட்சியையும் தாங்கி ஆண்டு முழுவதும் பூக்கும் செடிகளில், மான் வரும் தோட்டத்துக்கு நித்தியகல்யாணிக்கு இணையானது குறைவு என்பது என் கருத்து. ஆடாதோடையை ஆடுகளே ஒதுக்கும், மானும் அப்படித்தான். கிறிஸ்துவின் முள் என்று சொல்லப்படும் சிறு கள்ளிவகையில் முள்ளும் உண்டு, தோலை எரிக்கும் பாலும் உண்டு. பிளுமேரியாவுக்கும் பால்தான் காவல்.

ஆனால் பால் வடிந்தாலே மான் தொடாது என்று பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலும், அத்தியும், பலாவும், மல்பெரியும் பால் வடிக்கும் மரங்கள்தாம். அவற்றின் தழையைத் தழை தின்னும் விலங்குகள் விரும்பித் தின்கின்றன. பாலில் கடும் நஞ்சோ எரிச்சலூட்டும் பொருளோ கலந்திருக்கிறதா என்பதே கேள்வி. துவர்ப்பின் கதையும் இதைப் போன்றதே. தழையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், புரதங்களோடு பிணைந்து செரிமானத்தைக் கெடுக்கும். ஆனால் தழை தின்று பழகிய பல மான் இனங்களின் உமிழ்நீரில் அந்த டானினை முன்னதாகவே பற்றிக்கொள்ளும் புரதங்கள் சுரக்கின்றன. ஆகவே நம் நாக்கைச் சுருக்கும் இலை மானின் நாக்கையும் சுருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சேம்பு, டிஃபன்பேக்கியா போன்ற செடிகளின் காவல் வேறு விதமானது. அவற்றின் இலைத் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கின்றன. இலையை மென்ற மாத்திரத்தில் அந்த ஊசிகள் வாயிலும் நாக்கிலும் தைத்து, பொறுக்க முடியாத அரிப்பை உண்டாக்கும். நிழலும் ஈரமும் உள்ள மூலைக்கு, மணமுள்ள செடிகள் பெரும்பாலும் ஒத்துவராத இடத்துக்கு, இந்தக் குடும்பம் பொருத்தமானது. மஞ்சள், அரத்தை ஆகிய இஞ்சிக் குடும்பச் செடிகளையும் அதே மூலையில் வைக்கலாம். அவற்றின் இலையிலும் மணம் உண்டு.

தடித்த, நாரோடிய, விறைப்பான இலைகளை மான் பொதுவாக விரும்புவதில்லை. ஆனைக்கற்றாழை, சோற்றுக்கற்றாழை, மருள், சைகஸ், பனைக் குடும்பத்துச் செடிகள் ஆகியவை இந்தக் கூட்டத்தில் வரும். முள்ளைப் பொறுத்தவரை நான் அதிக நம்பிக்கை வைப்பதில்லை. முள் மானின் வேகத்தைக் குறைக்கிறது, ஒவ்வொரு வாயிலும் சிறிதளவே எடுக்க வைக்கிறது, ஆனால் நிறுத்துவதில்லை. நீங்களே பார்த்தபடி, முள்ளுள்ள ரோஜா மானுக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. காகிதப்பூச் செடியில் முற்றிய கிளைகள் தப்பிக்கும். முள் இறுகாத இளந்தளிர்கள் போய்விடும். டெக்சாஸின் வறண்ட பகுதிகளில் வெள்ளைவால் மான்கள் சப்பாத்திக்கள்ளியின் முள் மடல்களையே தின்கின்றன; நீர் இல்லாத காலத்தில் அந்தச் சதைப்பற்று அவற்றுக்கு நீராகிறது.

நச்சுச் செடிகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மானுக்கு ஆகாதது பெரும்பாலும் மனிதருக்கும் ஆகாது. அரளியின் எல்லாப் பகுதிகளும், மஞ்சள் அரளியின் விதைகள் குறிப்பாகவும், உயிரைப் பறிக்கக்கூடியவை. சைகஸின் விதைகளும் தழையும் நாய்களுக்குக் கடும் நஞ்சு. சிறு குழந்தைகள் விளையாடும் வீட்டில் மஞ்சள் அரளியை நான் வைக்கச் சொல்ல மாட்டேன். நொச்சியும் ஆடாதோடையும் அந்த வேலையைச் செய்துவிடும். அரளியைக் கழிக்கும்போது கையுறை அணியுங்கள், கழித்த கிளைகளை எரிக்காதீர்கள், ஏனெனில் அதன் புகையும் நச்சுள்ளது. ஆடு மாடுகள் எட்டும் இடத்தில் அந்தத் தழையைக் குவித்து வைக்கவும் கூடாது. காய்ந்த பிறகும் நஞ்சு போவதில்லை.

இன்னொரு கவலை உண்ணிச்செடியைப் பற்றியது. மான் தொடாத செடி என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் உண்ணிச்செடி இருக்கும். இலையில் கடும் மணம், கல்லீரலைக் கெடுக்கும் நச்சு, ஆண்டு முழுவதும் பூ என்று பார்ப்பதற்கு எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு. ஆனால் உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலிலும் அது இருக்கிறது. மேயும் விலங்குகள் தழையைத் தின்பதில்லை. பறவைகளோ பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் தூவுகின்றன. அது பரவிய இடத்தில் மான் தின்னக்கூடிய புல்லும் செடியும் அடியோடு குறைந்துபோகின்றன. பசித்த மான்கள் பிறகு எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மான் எதிர்ப்பும் களையாகப் பரவும் குணமும் பல செடிகளில் சேர்ந்தே இருப்பதால், எந்தப் புதிய செடியையும் வாங்குவதற்கு முன் உங்கள் பகுதியில் அது ஊடுருவும் செடியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உண்ணிச்செடிதான் வேண்டும் என்றால், காய் பிடிக்காத மலட்டு வகைகள் கிடைக்கின்றன. அவற்றை மட்டும் தேடி வாங்குங்கள்.

வெப்பப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குளிர் நாடுகளில் மானின் பசிக்காலம் பனிக்காலம். அப்போது தோட்டத்திலும் பெரும்பாலான செடிகள் இலையுதிர்த்து உறங்கிக்கொண்டிருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கோ பசிக்காலம் கோடையின் கடைசி மாதங்களில் வருகிறது. சுற்றியுள்ள நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது, நீங்கள் நீர் பாய்ச்சி வளர்க்கும் தோட்டம் மட்டும் பச்சையாக, புதுத்தளிரோடு நிற்கும். அந்த வாரங்களில் மான் தன் வழக்கமான தயக்கங்களை எல்லாம் தளர்த்திக்கொள்ளும். ஆகவே மழைக்காலத்தில் ஒரு செடி தப்பியதை வைத்து அது பாதுகாப்பானது என்று முடிவுசெய்ய வேண்டாம். கோடை முழுவதும் தப்பியதா என்பதே உரைகல்.

இதோடு உரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். யூரியாவைப் போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால், இளசான, நீர்ச்சத்தும் புரதமும் மிகுந்த தளிர்கள் கொத்துக்கொத்தாக வரும். மான் தேடுவது சரியாக அதைத்தான். மணமுள்ள செடிகளோ, நிழலில் வைத்து நீரும் உரமும் தாராளமாகக் கொடுக்கும்போது தழை பெருத்து மணம் குறைந்துபோகும். வெயிலில், அளவான நீரில், சற்றுக் கடுமையாக வளர்ந்த துளசியையும் நிழலில் கொழுத்த துளசியையும் முகர்ந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும். நாற்றுப்பண்ணையிலிருந்து புதிதாக வந்த செடி நிழலிலும் உரத்திலும் வளர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். எனவே மான் எதிர்ப்புள்ள வகையாக இருந்தாலும், நட்ட புதிதில் அதற்குக் கம்பிவலைக் கூடு தேவை.

மேலும், புதிதாக எதைக் கண்டாலும் மான் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கும். இளங்குட்டிகள் இன்னும் அதிகமாக. தின்றது உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த மணத்தையும் சுவையையும் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு விலகும். இந்தச் சோதனையில் வேர் பிடிக்காத நாற்று முழுதாகப் பிடுங்கப்பட்டுவிடுவது உண்டு. காலையில் துளசி நாற்று வேரோடு கிடப்பதைப் பார்த்து, மான் துளசியையும் தின்னும் என்று முடிவுகட்டாதீர்கள். கடித்துத் துப்பியிருந்தால் உடனே திரும்ப நட்டு, மண்ணை நன்றாக அழுத்தி, நீர் விடுங்கள்.

செம்பருத்தி, ரோஜா, வெண்டை, அவரை, சர்க்கரைவள்ளிக் கொடி, கீரைகள் ஆகியவற்றை எந்தத் தந்திரத்தாலும் திறந்த இடத்தில் காப்பாற்ற முடியாது. இவற்றை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டியோ, வேலியிட்ட சிறு பாத்தியிலோ வைக்க வேண்டும். மான் வரும் பக்கத்து எல்லையில் நொச்சியும் ஆடாதோடையும், அவற்றுக்கு உள்ளே எலுமிச்சைப்புல்லும் துளசியும் நித்தியகல்யாணியும், நடுவில் ஆசைக்குரிய செடிகள் என்று அடுக்கினால், உள்ளிருக்கும் தளிர்களின் மணத்தை வெளிவரிசைகளின் மணம் ஓரளவு மறைக்கும். ஓரளவுதான். பசியோடு வரும் மானுக்கு இந்த வரிசை ஒரு தயக்கத்தை மட்டுமே தரும்.

வேலி போடுவதானால் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். அதற்குக் குறைந்தால் நல்ல நிலையிலுள்ள மான் தாண்டிவிடும். அவ்வளவு உயரம் முடியாதவர்கள், நெஞ்சளவு உயரமுள்ள இரண்டு வேலிகளைச் சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இணையாகப் போடலாம். உயரத்தையும் அகலத்தையும் ஒரே தாவலில் கடக்க மான் தயங்கும். தெளிப்பு மருந்துகளில் அழுகிய முட்டையை அடிப்படையாகக் கொண்டவை ஓரளவு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் பலத்த மழையில் கழுவிப்போகும், புதுத்தளிர் விட்டதும் அந்தத் தளிருக்குப் பாதுகாப்பு இருக்காது. தளிர் ஓயாத வெப்பப் பகுதியில் இது முடிவில்லாத வேலை. உண்ணும் கீரை காய்களின் மீது அடிக்கவும் முடியாது.

மரக்கன்று வைப்பவர்கள் இலையை மட்டும் எண்ணக் கூடாது. ஆண் மான்கள் கொம்பின் மேல்தோலை உரிக்கவும், தங்கள் இடத்தை அறிவிக்கவும் இளமரங்களில் கொம்பைத் தேய்க்கும். வழவழப்பான பட்டையும் கைப்பிடிக்குள் அடங்கும் பருமனும் உள்ள கன்றுகளே பெரும்பாலும் இதற்கு இலக்காகும். பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால் மரம் பட்டுப்போகும். இலை கசக்கும் மரமா, மணக்கும் மரமா என்பது கொம்புக்குப் பொருட்டல்ல. ஆகவே எந்த மரமானாலும் அடித்தண்டைச் சுற்றி, தண்டில் படாத அளவு தள்ளி, 1.5 மீட்டர் உயரத்துக்குக் கம்பிவலை கட்டுங்கள். கிளைகள் மானின் எட்டும் உயரமான ஏறத்தாழ 1.8 மீட்டரைத் தாண்டி, கடமான் வரும் இடமானால் இன்னும் சற்று மேலே போய், தண்டும் தடித்த பிறகு வலையை எடுத்துவிடலாம்.

கடைசியாக, மொத்தமாக வாங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். நீங்கள் எண்ணியிருக்கும் வகைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு தொட்டிகளை, கோடையின் கடுமையான வாரங்களில், மான் வரும் வழியில் கனமான கல்லை அண்டக் கொடுத்து வைத்துவிடுங்கள். எது தொடப்படவில்லை, எது ஒரு கடியோடு நின்றது, எது மொட்டையானது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வகைகளை மழை தொடங்கியதும் நிலத்தில் நடுங்கள். மழைக்காலத்தில் வேர் பிடித்து, அடுத்த கோடை வருவதற்குள் இலை முற்றி, மணமும் கசப்பும் இலையில் ஏறியிருக்கும். அதுவரை வலைக்கூட்டை எடுக்க வேண்டாம்.